மாலதி சாகவில்லை

சேரப்பணஞ்சேரி,
9.6.2025

மதிப்பிற்குரிய டைரக்டர் இளம்பரிதி அவர்களுக்கு,

சசிரேகா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் படத்தின் இரண்டாம் பாகத்தில் நடிக்க மாணவிகள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. அதிலிருந்த விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். வாய்ப்புக் கேட்டு அல்ல. எனக்கு முப்பத்து மூன்று வயது. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டு செய்யும் கம்பெனியில் லைனில் வேலை. வீட்டுக்காரர் மாரிமுத்து வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஏழாவது படிக்கும் மகள் கனிஷ்கா.

‘பத்தாவது ஆ பிரிவு’ படம் வந்து இரண்டு வருடம் ஆகியும் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பள்ளியில் நடந்த உண்மைக் கதை என்று எல்லோரும் சொன்னதால் மனம் வரவில்லை. போன மாதம் என்னோடு வேலை செய்யும் மாரிசெல்வி, தூத்துக்குடிப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் அவள் எடுத்திருக்கும் ரூமுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். போன நேரம் டிவியில் உங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வர முடியவில்லை.

மாலதி பள்ளிக்கூட மாடியிலிருந்து குதிக்கிறாள். ஒரு பையன் ஓடி வந்து தன் சட்டையைக் கழற்றி அவள் தலையில் கட்டுகிறான். “அக்கா, தூங்காதீங்க, வாய்ப்பாடு சொல்லுங்க” என்கிறான். அவள் சொல்லிக்கொண்டே செத்துப்போகிறாள்.

அந்த இடத்தில் என் கையிலிருந்த தட்டு நழுவிவிட்டது. “யக்கா, பேயி இன்னும் வரவே இல்லையே, அதுக்குள்ள பயந்துட்டியளா?” என்று மாரிசெல்வி சிரித்தாள்.

ஐயா, அந்த மாலதி நான்தான். நான் சாகவில்லை.

பதினெட்டு வருடமாக ஒரு பையனின் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முகம் தெரியாது. “அப்படி யாரும் இல்லை, மயக்கத்தில் உனக்குத் தோன்றியது” என்று என் அம்மா சொல்லிவிட்டார்கள். நானும் அப்படியே நம்பிவிட்டேன். உங்கள் படத்தைப் பார்த்த பிறகுதான் அங்கே நிஜமாகவே ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்தது.

அது நீங்களா? இல்லை, வேறு யாராவது உங்களிடம் சொன்னதா? யாராக இருந்தாலும் அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். நேரம் கிடைக்கும்போது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
மா. சசிரேகா

•

சாலிகிராமம், சென்னை,
21.6.2025

சசிரேகா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இப்படி வரும் நான்காவது கடிதம் இது. மாலதியின் அண்ணன் என்று ஒருவர் எழுதினார். காதலன் என்று இரண்டு பேர் எழுதினார்கள். மாலதியே எழுதுவது இதுதான் முதல் தடவை.

எங்கள் தயாரிப்பாளர் தணிகாசலம் சார் இதையெல்லாம் வக்கீலிடம் கொடுத்துவிடச் சொல்கிறார். உங்கள் கடிதத்தை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்த அக்கா இறந்துவிட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய உண்மைப் பெயரை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் ஊரில் யாரையாவது கேட்டால் பெயர் கிடைத்துவிடும்.

படத்தில் இல்லாத ஒன்றை, அந்த இடத்தில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உங்களால் எழுத முடியுமா? முடியாவிட்டால் தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள். எனக்கு இது விளையாட்டு இல்லை. பேசுவதானாலும் சரி, போன் நம்பர் கீழே இருக்கிறது.

இளம்பரிதி

•

சேரப்பணஞ்சேரி,
27.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி என்று எழுதலாம் என்றுதான் நினைக்கிறேன். இறந்துபோன பெண்ணை ‘அந்த அக்கா’ என்று எழுதியிருந்தீர்கள். கேள்விப்பட்டவர் அப்படி எழுத மாட்டார்.

படத்தில் மாலதி சொல்வது பதின்மூன்றாம் வாய்ப்பாடு. அன்றைக்கு நீங்கள் கேட்டது பதினேழாம் வாய்ப்பாடு. பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. “பரவால்லக்கா, திரும்ப ஒண்ணுலேர்ந்து சொல்லுக்கா” என்று சொல்லி நீங்கள் அழுதீர்கள். இது போதுமா?

நான் எதற்கு மாடிக்குப் போனேன் என்று உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. படத்தில் மாலதி காதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கிறாள். எனக்குக் கடிதம் கொடுக்க யாருமில்லை தம்பி. பெண்கள் கழிப்பறையில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மாடித் தொட்டியில் வால்வு மூடிக் கிடந்தது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். நான் கிளாஸ் லீடர். ஏணியில் ஏறி வால்வைத் திறந்தேன். தண்ணீர் இறங்கும் சத்தமும் கேட்டது. திரும்பும்போது பாசியில் கால் வைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நான் கண் விழிப்பதற்குள் ஊரில் எனக்கு ஒரு காதலன் வந்துவிட்டான். பெயர்கூட வைத்துவிட்டார்கள். அப்பா வெளியில் தலைகாட்ட முடியாமல் வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு எங்களை உத்திரமேரூர் மாமா வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பிரைவேட்டாகப் பத்தாவது எழுதினேன். இடது கால் ஒரு அங்குலம் குட்டை. கல்யாணத்தின்போது மாமரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். இன்றுவரை என் வீட்டுக்காரருக்கு அதுதான் தெரியும்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் அன்றைக்கு இல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை, கனிஷ்காவும் இல்லை. அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

கேட்கக் கூசும் உதவி ஒன்று உண்டு. கல்யாணமாகி இந்தப் பக்கமே வந்துவிட்டதால் கனிஷ்கா படிப்பதும் நம் பள்ளியில்தான். பெண்கள் கழிப்பறை இன்னும் அதே இடத்தில், நான் விழுந்த இடத்துக்கு எதிரில் இருக்கிறது. உங்கள் படம் வந்த பிறகு யாரோ கேமராவும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து அங்கே பேய் தேடி வீடியோ போட்டார்கள். அதிலிருந்து பெண் பிள்ளைகள் அந்தப் பக்கம் போவதில்லை. காலையில் வீட்டில் போனால் அப்புறம் சாயங்காலம்தான். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. கனிஷ்கா கொண்டுபோகும் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. நீர்க்கடுப்பு என்று டாக்டர் இரண்டு தடவை மருந்து கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் வந்து, அந்தப் பெண் சாகவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவீர்களா?

போனில் பேச வேண்டாம். பேசினால் அழுதுவிடுவேன். மாமியார் மீனம்மாள் பக்கத்திலேயே இருப்பார்.

அன்புடன்,
சசிரேகா

•

சாலிகிராமம்,
6.7.2025

அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீசிலிருந்து எழுந்து தெருவில் நடந்துகொண்டே இருந்தேன். எங்கே போனேன் என்று ஞாபகமில்லை. உயிரோடு இருக்கிறீர்களே அக்கா. மாமியார், மகள், வேலை என்று இருக்கிறீர்களே. எனக்கு வேறு என்ன வேண்டும்?

அன்றைக்கு நான் ஒன்பதாவது. பதினேழாம் வாய்ப்பாடு தெரியாததால் கணக்கு வாத்தியார் வெளியே நிறுத்தியிருந்தார். அதனால்தான் அது என் வாயில் வந்தது. நீங்கள் சொன்னது சரியா தவறா என்றுகூட எனக்குத் தெரியாது. படத்தில் நடித்த பெண்ணுக்குப் பதினேழு வரவில்லை என்று பதின்மூன்றாக மாற்றினேன்.

ரோட்டுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி பஸ்சின் முன்னால் நின்றேன். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் இறங்கி என்னோடு சேர்ந்து உங்களைத் தூக்கினார்கள். பெயர் தெரியாத ஒரு பெண் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வரை உங்களை மடியில் போட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்து உங்களை ஆம்புலன்சில் சென்னைக்கு அனுப்பினார்கள். என்னை ஏற்றவில்லை. சட்டையில்லாமல் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அப்பா நடுங்கிவிட்டார். “போலீஸ் கேஸ் ஆயிடும்டா” என்று மறுநாளே அரக்கோணத்தில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஒரு மாதம் கழித்து வகுப்புத் தோழனுக்கு போன் போட்டேன். “அந்தக்கா இன்னாடா ஆச்சு?” என்று கேட்டேன். “அதுவா, அது போயிடுச்சுடா” என்றான். போனை வைத்துவிட்டேன். ஊரைவிட்டுப் போனதைச் சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் யாரையும் கேட்கத் துணிவில்லை.

நான் தூக்கியதில் ஏதோ தப்பாகிவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாரம் தாங்காமல்தான் படம் எடுத்தேன். காரணம் தெரியாததால் காதல் கடிதத்தை நானே எழுதிச் சேர்த்தேன். அதற்கு உங்கள் காலில் விழ வேண்டும்.

பள்ளிக்கு வருவது பற்றி மறைக்காமல் சொல்கிறேன். இரண்டாம் பாகத்தின் போஸ்டரில் ‘உண்மைச் சம்பவம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டாகிவிட்டது. தணிகாசலம் சார் அதை நம்பித்தான் படத்தை விற்றிருக்கிறார். இப்போது நான் வந்து சொன்னால் படம் நின்றுவிடும். பொங்கலுக்கு ரிலீஸ். அது முடியட்டும் அக்கா, மறுநாளே வருகிறேன்.

உங்கள் தம்பி,
இளம்பரிதி

•

சேரப்பணஞ்சேரி,
24.7.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எழுதியதைப் பத்து தடவையாவது படித்திருப்பேன். மடியில் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பெண்ணை இப்போது நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பஸ்சில் வயதான பெண்கள் யாராவது ஏறினால் இவராக இருக்குமோ என்று பார்க்கிறேன்.

பொங்கல் வரை பொறுக்கச் சொன்னீர்கள். உங்கள் பிழைப்பு, சரிதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் கனிஷ்காவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரில் கிருமியாம். “இனிமே வந்தா கிட்னிக்குப் போயிடும்மா” என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தலைமையாசிரியை எழிலரசி அம்மாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் செத்ததாக எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை, டி.சி. வாங்கிப் போனதாகத்தான் இருக்கிறது என்று அவரே எடுத்துக் காட்டினார். காலைப் பிரேயரில் என்னை நிறுத்தினார்.

“அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு ஒண்ணும் ஆவல” என்று சொன்னேன். பிள்ளைகள் கத்தினார்கள், சிரித்தார்கள். ஒரு ஆறாம் வகுப்புக் குட்டி என் பக்கத்தில் வந்து தரையைக் குனிந்து பார்த்தாள், கால் இருக்கிறதா என்று. கடைசியில் ஒரு பெரிய பெண் எழுந்தாள். “மிஸ், டைரக்டரே டிவில சொல்லிக்கீறாரு, அவங்க செத்துட்டாங்கன்னு. இவங்க கனிஷ்கா அம்மா மிஸ். வேற யாரோ” என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கனிஷ்கா அழுதுகொண்டே நின்றாள்.

நான் உயிரோடு எதிரில் நின்றும், நீங்கள் சொன்னதைத்தான் நம்புகிறார்கள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் ஷிப்ட் பஸ் வழியாக வீட்டுக்காரர் காதுக்குப் போய்விட்டது. வந்ததும் வாசலிலேயே நின்றார். “இன்னா சசி, இஸ்கூலாண்ட போய் நான்தான் அந்தப் பொண்ணுன்னு சொன்னியாமே? மாமரம்னு தானே என்கிட்ட சொன்ன?” என்றார். ஆமாம் என்றேன். “லவ்வு கிவ்வு எதுனா?” என்று கேட்டார். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வால்வைத் திறக்கப் போனதைச் சொன்னேன். உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அப்புறம், “தண்ணி தொறந்து வுடப் போய் வுயுந்ததுக்கா பதிமூணு வருசமா மரத்தைச் சொல்லிகினு கீற?” என்றார். உள்ளேயிருந்து மாமியார், “அந்த மரம் எங்க கீதுன்னு நானும் எத்தினி வாட்டி கேட்டேன், ஒரு வாட்டியாச்சும் காட்னாளா?” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. நான் உங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிராவிட்டால் இது நடந்தே இருக்காது.

வாருங்கள் என்று வற்புறுத்த மாட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை வந்தீர்கள். அதற்கே நான் காலமெல்லாம் கடன்பட்டவள். பிள்ளைகள் நிலைமை உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

அன்புடன்,
அக்கா சசிரேகா

•

சாலிகிராமம்,
2.8.2025

அக்கா,

வெள்ளிக்கிழமை, எட்டாம் தேதி, காலைப் பிரேயருக்கு வருகிறேன். எழிலரசி அம்மாவிடம் பேசிவிட்டேன்.

தணிகாசலம் சாரிடமும் சொன்னேன். “உனக்குப் பைத்தியமா? ஒரு இஸ்கூலுக்காக ஒரு படத்தையே கொல்லுவியா?” என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்தை வைத்துத்தானே சார் படமே எடுத்தோம் என்றேன். நல்ல மனிதர்தான். எனக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தவர். அவருக்குத் துரோகம் செய்வதாகத்தான் தோன்றுகிறது. ஆனாலும் வருகிறேன்.

கனிஷ்காவுக்கு உடம்பு தேவலையா?

இளம்பரிதி

•

சேரப்பணஞ்சேரி,
10.8.2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ஓவர்டைம் இருந்தது, அதனால் உடனே எழுத முடியவில்லை. நீங்கள் காரில் ஏறிப் போனதற்கப்புறம் நடந்ததை நீங்கள் பார்க்கவில்லையே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இவ்வளவு ஒல்லியாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. மைக்கில் பேசும்போதுதான் குரலைக் கண்டுபிடித்தேன். கனத்துவிட்டது, ஆனால் அதே குரல்தான்.

“அந்த லவ் லெட்டரை எழுதினது யாரு தெரியுமா? நான்தான், சினிமாவுக்காக” என்று நீங்கள் சொன்னதும் பையன்கள் விசிலடித்தார்கள். “நான் தெரியாம சொன்ன பொய்யி அது. இந்த அக்கா உங்களை மாதிரி பொண்ணுங்களுக்குத் தண்ணி வரணும்னு மேல ஏறினவங்க. அவங்களைப் போய் நான் பேயாக்கிட்டேன்” என்றீர்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் எதிரில் என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்கள். என் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து கேட் ஓரம் நின்றிருந்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். கேட்டால் தூசி என்கிறார்.

நீங்கள் போன பிறகு முதல் இன்டர்வெல் மணி அடித்தது. நான் ஆபீஸ் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் போகவில்லை. சரி, ஒரே நாளில் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அன்றைக்கு என்னை வேற யாரோ என்று சொன்னாளே, அந்தப் பெரிய பெண், கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். அவர்களுக்குப் பின்னால் நாலு பேர். அதற்குப் பின்னால் எண்ண முடியவில்லை. பெரிய கியூவே நின்றுவிட்டது. எழிலரசி அம்மா அடுத்த பீரியடைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தார்.

உங்களால் எனக்கு இரண்டு தடவை நல்லது நடந்திருக்கிறது தம்பி. முதல் தடவை உங்களுக்கு விவரம் தெரியாத வயது. இந்தத் தடவை என்ன நஷ்டம் வரும் என்று தெரிந்தே வந்தீர்கள். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் படம் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கேட்கவே பயமாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா

•

சாலிகிராமம்,
30.8.2025

அக்கா,

படத்தில் இப்போது நான் இல்லை. பயப்படாதீர்கள், சண்டையில்லாமல்தான் முடிந்தது. பள்ளியில் நான் பேசியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட, அது எல்லா இடத்துக்கும் போய்விட்டது. என்னை வைத்துக்கொண்டு இனி படத்தை விற்க முடியாது என்று தணிகாசலம் சார் சொன்னார். கதையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டேன். வேறொருவர் எடுக்கிறார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. உண்மைச் சம்பவம் என்ற வார்த்தை எங்கேயும் வரக்கூடாது, படம் தொடங்கும் முன் கதை கற்பனை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டார்.

வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நானே வளர்த்த பேய் அது. ஆனால் அக்கா, அன்று பள்ளியிலிருந்து வந்ததும் படுத்தவன் மறுநாள் பத்து மணிக்குத்தான் எழுந்தேன். பதினான்கு வயதுக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை. நீங்கள் எனக்கு எழுதியதற்கு நான்தான் நன்றி சொல்ல வேண்டும். எழுதாமலே இருந்திருந்தால் நான் பாகம் மூன்று, பாகம் நான்கு என்று உங்களைச் சாகடித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

கொஞ்ச நாள் விளம்பரப் படங்களுக்கு உதவியாக இருக்கப் போகிறேன். மாரிமுத்து அண்ணனுக்கும் அம்மாவுக்கும் வணக்கம் சொல்லுங்கள்.

தம்பி,
இளம்பரிதி

•

சேரப்பணஞ்சேரி,
18.1.2026

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் அனுப்பிய கரும்பும் மஞ்சளும் மாமியார் கைக்கே போய்ச் சேர்ந்தன. “உன் தம்பி எனக்குத்தான் அனுப்பிக்கீறான்” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நேற்று ஸ்ரீபெரும்புதூரில் இரண்டாம் பாகம் பார்த்தோம். குடும்பத்தோடு, மாரிசெல்வியையும் கூட்டிக்கொண்டு. கனிஷ்கா தன் கிளாஸ் பெண்கள் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். பேய் வந்த இடத்திலெல்லாம் அலறினார்கள் பாருங்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. அலறிவிட்டு உடனே விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அம்மா, ரெண்டாம் பாகம் வந்தும் அது இன்னும் பத்தாவதுதான் படிக்குது, பாஸே ஆவல” என்றாள் கனிஷ்கா. இடைவேளையில் ஆளுக்கொரு கூல்டிரிங்க்ஸ் குடித்துவிட்டு, எல்லோருமாகக் கழிப்பறைக்கு ஓடிப்போய் வந்தார்கள்.

படம் பரவாயில்லை. உங்கள் படம் போல மனதில் ஒட்டவில்லை. புதியவருக்குப் பயமுறுத்தத் தெரிகிறது, ஆனால் அந்தப் பெண்மேல் பாசம் இல்லை. உங்களுக்கு இருந்தது. என்னைச் சாகடித்த போதும் இருந்தது. அதை இப்போதுதான் புரிந்துகொண்டேன். நீங்கள் மறுபடியும் படம் எடுக்க வேண்டும் தம்பி. பேய்ப் படமே எடுங்கள், எனக்கொன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு எனக்கு ஷிப்ட் கிடையாது. சாப்பிட வாருங்கள். என்ன கதை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க வீட்டுக்காரர் காத்திருக்கிறார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது. படம் தொடங்கும் முன்னால் திரை கறுப்பாகி வெள்ளை எழுத்து வந்தது. ‘இந்தக் கதையும் மாலதி என்னும் பாத்திரமும் முழுக்கக் கற்பனை. இப்படி எந்த மாணவியும் இறக்கவில்லை.’ தியேட்டரில் ஒருவரும் படிக்கவில்லை. சீட்டு நம்பர் தேடிக்கொண்டும் பாப்கார்னை வாங்கிக் கை மாற்றிக்கொண்டும் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அந்த எழுத்து மறையும் வரைக்கும் கை தட்டினேன். பின்சீட்டுக்காரர், “உக்காரும்மா, படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல” என்றார்.

என்றும் அன்புடன்,
அக்கா சசிரேகா